சாவைப் பாடுற கவிதைக்கு பிளேக் போட்ட படங்கள்: நைட் தாட்ஸா, கிரேவா, யோபுவா, எதை முதல்ல எடுக்கலாம்?

சாவு, அதுக்கப்புறம் ஆத்மாவுக்கு என்ன ஆகுது, அழியாமைன்னா என்ன, இதையே திரும்பத் திரும்பப் பேசுற பக்திக் கவிதைகளுக்கு இங்கிலாந்துக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் படம் போட்டிருக்காரு, அதுல செப்புத்தகட்டுல செதுக்கி அச்சாகி வெளிவந்தது மூணு பெரிய செட். 1797-ல வந்த எட்வர்ட் யங்கோட நைட் தாட்ஸ், 1808-ல வந்த ராபர்ட் பிளேரோட தி கிரேவ், 1826-ல வந்த, பைபிள்ல இருக்குற யோபு புத்தகத்துக்கான படங்கள். மூணையும் ஒண்ணா ஆரம்பிச்சா எதுவுமே மனசுல நிக்காது, எல்லாம் ஒரே தாடிக்காரக் கிழவன், ஒரே பறக்குற உருவம்னு குழம்பிப் போயிடும். அதனால ஒண்ணை எடுத்து ஒரு ரெண்டு மூணு மாசம் அதோடயே இருங்க. எதை எடுக்கணும்ங்கிறதுதான் இந்தக் கட்டுரை.

பதிலை முதல்லயே சொல்லிடுறேன், என் ஓட்டு நைட் தாட்ஸுக்கு, அதுவும் கலர் அடிக்காத கறுப்பு வெள்ளை அச்சுக்கு. பொதுவா எல்லாரும் கிரேவ்ல ஆரம்பிக்கச் சொல்வாங்க, கொஞ்சம் தெரிஞ்சவங்க யோபுதான் உச்சம்னு சொல்வாங்க, ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, யோபு உச்சம்ங்கிறதை நானும் ஒத்துக்குறேன். ஆனா கவிதையும் படமும் ஒரே பக்கத்துல இருந்துக்கிட்டு, வரிக்கு வரி ஒண்ணை ஒண்ணு இழுத்துப் பிடிச்சு சாவைப் பத்திப் பேசுறதைப் பாக்கணும்னா அது நைட் தாட்ஸ்ல மட்டும்தான் கெடைக்கும்.

முதல்ல கவிதையைப் பத்தி. யங் 1683-ல பொறந்தவரு, இங்கிலாந்து திருச்சபை குருவானவரு, 1742-லிருந்து 1745 வரைக்கும் ஒம்பது இரவுகளா இந்தக் கவிதையை வெளியிட்டாரு. முழுப் பேரே புலம்பல், அல்லது வாழ்வு மரணம் அழியாமை குறித்த இரவுச் சிந்தனைகள்ங்கிற மாதிரிதான் வரும். தூக்கம் வராத ஒருத்தர் ராத்திரியில உக்காந்து, செத்துப்போன வேண்டியவங்களை நினைச்சு அழுது, லொரென்ஸோன்னு ஒரு உல்லாசி இளைஞனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு புத்தி சொல்றாரு, கிட்டத்தட்ட பத்தாயிரம் வரி, எதுகை இல்லாத நடை. நிலையாமையைப் பாடுற நீளமான கவிதை எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், நடுநடுவுல மின்னல் மாதிரி வரி வரும், மிச்ச இடத்துல பிரசங்கம்தான். தள்ளிப்போடுறதுதான் காலத்தைத் திருடுற திருடன்னு ஆங்கிலத்துல எல்லாரும் பழமொழி மாதிரி சொல்வாங்களே, அந்த வரி இதோட முதல் இரவுலதான் வருது. அந்தக் காலத்துல ஐரோப்பா முழுக்க இதைப் படிச்சாங்க, ஃபிரெஞ்சு ஜெர்மன்ல எல்லாம் மொழிபெயர்ப்பு வந்துச்சு, இப்ப படம் இல்லாம இதைத் தேடிப் படிக்கிறவங்க ரொம்பக் கம்மி.

1795 வாக்குல லண்டன் புத்தக வியாபாரி ரிச்சர்ட் எட்வர்ட்ஸ் இதுக்கு ஒரு பெரிய படப் பதிப்பு போடலாம்னு பிளேக்கைப் பிடிச்சாரு. வேலை எப்படி நடந்துச்சுன்னா, கவிதையோட பழைய அச்சுப் பக்கங்களைப் பெரிய தாளோட நடுவுல ஜன்னல் வெட்டி ஒட்டிட்டாங்க, சுத்தி இருந்த வெத்து இடம் பூரா பிளேக் வாட்டர்கலர்ல வரைஞ்சாரு, ஒண்ணு ரெண்டு இல்ல, 537 படம். ஜோசஃப் ஃபாரிங்டன்னு ஒரு ஓவியர் தன் டைரியில எழுதி வச்சிருக்காரு, பிளேக் 100 கினி (ஒரு கினி 21 ஷில்லிங்) கேட்டாராம், எட்வர்ட்ஸ் 20 கினிக்கு மேல முடியாதுன்னுட்டாராம், அதுக்கே ஒத்துக்கிட்டாராம். கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு படத்துக்கு ஒரு ஷில்லிங் கூடத் தேறாது. அந்தக் கூலிக்கு இப்படி ஒரு வேலையைச் செஞ்சிருக்காருன்னு நினைக்கிறப்ப மனசு கனத்துப் போகும்.

அந்த 537-லிருந்து பொறுக்கி செப்புத்தகட்டுக்கு மாத்தி, முதல் நாலு இரவு மட்டும் 43 படத்தோட 1797-ல வெளிவந்துச்சு. அதோட நின்னுடுச்சு. விக்கல, எட்வர்ட்ஸ் அந்தத் தொழிலையே விட்டுட்டாரு, மீதி அஞ்சு இரவுக்கு எங்கிரேவிங், அதாவது செதுக்கி அச்சடிச்ச படம், வரவே இல்ல. இது முடியாத புத்தகம்ங்கிறதை எடுக்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கணும், ஆனா இதை நான் பெரிய குறையா நினைக்கல, ஏன்னா நாலாவது இரவு கிறிஸ்துவோட வெற்றியைப் பாடுறது, சாவுல ஆரம்பிச்சு அங்க வந்து நிக்கிறப்ப ஒரு சுத்து முடிஞ்ச மாதிரிதான் இருக்கு.

இப்ப பக்கம் எப்படி இருக்கும்ங்கிறதுக்கு வர்றேன், என் தேர்வுக்குக் காரணமே இந்தப் பக்கம்தான். கிட்டத்தட்ட 42 சென்டிமீட்டர் உயரத் தாள். நடுவுல, கொஞ்சம் ஒதுங்கி, ஒரு கோட்டுக் கட்டம், அதுக்குள்ள கவிதை சாதாரண எழுத்து அச்சுல இருக்கும். கட்டத்தைச் சுத்தி நாலு பக்கமும் படம். உருவங்க அந்தக் கட்டத்துக்குப் பின்னாலயிருந்து எட்டிப் பாக்கும், மேல சாஞ்சு கெடக்கும், ஒரு கால் இந்தப் பக்கமும் தலை அந்தப் பக்கமுமா நடுவுல உடம்பு கவிதைக்குப் பின்னால மறைஞ்சு கெடக்கும். எழுத்தை ஒரு பிரஸ்லயும் தகட்டை வேற பிரஸ்லயும் தனித்தனியா அடிக்கணும், ஏன்னா எழுத்து மேடா நிக்கிறது, செப்புத்தகட்டுல மையி பள்ளத்துக்குள்ள இருக்குறது, ரெண்டும் ஒரே அழுத்தத்துல வராது. இதுல ஒரு சின்ன விஷயம் இருக்கு, கவிதையில ஒரு வரியோட பக்கத்துல நட்சத்திரக் குறி போட்டிருப்பாங்க, இந்தப் பக்கத்துப் படம் இந்த வரிக்குத்தான்னு அர்த்தம். பத்தாயிரம் வரியைப் பாத்து மலைச்சுப் போறவங்களுக்கு இதுதான் பெரிய உதவி, நட்சத்திரம் இருக்குற வரியை முதல்ல படிங்க, அப்புறம் படத்தைப் பாருங்க, அப்புறம் அந்த வரிக்கு மேலயும் கீழயும் கொஞ்சம் படிங்க, போதும்.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். ரெண்டாவது இரவுல யங் சொல்றாரு, கழிஞ்சுபோன மணிநேரங்களோட உக்காந்து பேசுறது பெரிய விவேகம், அவங்க நம்மளைப் பத்தி மேல போயி என்ன சேதி சொன்னாங்கன்னு கேக்கணும்னு. படிக்கிறப்ப நல்ல கருத்துன்னு தலையாட்டிட்டு அடுத்த வரிக்குப் போயிடுவோம். பிளேக் அப்படிப் போகல. மணிநேரங்களை ஆளாவே ஆக்கிட்டாரு, உக்காந்திருக்குற மனுஷனைச் சுத்தி சின்னச் சின்ன உருவங்களா வர்றாங்க, மேல போறாங்க, கையில கணக்கு. நீங்க வீணாக்கின ஒரு சாயங்காலம் உங்க முன்னால ஆளா வந்து நின்னா எப்படி இருக்கும், அந்தக் கூச்சம் படத்தைப் பாத்ததும் வந்துடும், வரிக்குத் திரும்பிப் போனா இப்ப அந்த வரி வேற மாதிரி சுடும்.

இதே இரவுல காலத்தைப் பத்தி ஒரு இடம். காலம் நம்மளை நோக்கி வர்றப்ப சிறகை முதுகுக்குப் பின்னால ஒளிச்சு வச்சுக்கிட்டு வயசான ஆள் மாதிரி தள்ளாடித்தான் வருது, தாண்டிப் போனதுக்கப்புறம் பாத்தா காத்தை விட வேகமான அகலச் சிறகுதான் தெரியுதுன்னு யங் எழுதுறாரு. இதை பிளேக் ரெண்டு படமா பிரிச்சுட்டாரு, ஒண்ணுல வர்றது, இன்னொண்ணுல முதுகைக் காட்டிக்கிட்டுப் போறது. பக்கத்தைத் திருப்புற நேரத்துல காலம் நம்மளைத் தாண்டிடுது. கவிதை புத்தகமா இருந்தாத்தான் இதைச் செய்ய முடியும், தனித்தனிப் படமா சுவத்துல மாட்டினா இது நடக்காது.

முதல் இரவுல இன்னொண்ணு, என் பாட்டு அடிக்கடி வாழ்வோட எல்லையைத் தாண்டிப் பாயுதுன்னு ஒரு வரி. படத்துல பாடகன் மேல எழும்பிப் போறான், ஆனா கணுக்கால்ல சங்கிலி. சங்கிலியைப் பத்தி அந்த வரியில ஒண்ணும் இல்ல, பிளேக் போட்டதுதான் அது. இப்படி அவர் கவிதையோட ஒத்துப் போறதும் உண்டு, எதிர்த்துக் கேக்குறதும் உண்டு. யங் பயமுறுத்திப் புத்தி சொல்ற ஆள், பிளேக்குக்கு சாவு பயமுறுத்துற விஷயமே கிடையாது. அவர் தம்பி ராபர்ட் 1787-ல செத்தப்ப ஆத்மா சந்தோஷத்துல கைதட்டிக்கிட்டே கூரை வழியா மேல போனதைப் பாத்தேன்னு சொன்ன மனுஷன் அவரு. அதனால முதல் இரவோட தலைப்புப் பக்கத்துல சாவு எலும்புக்கூடா வரல, நீள அங்கி போட்ட வயசான பெரியவரா வர்றாரு. ஒரு கை ஒரு குடும்பத்துல சிலரை வாரி எடுத்துடுச்சு, இன்னொரு கை அவங்க ஆத்மாக்களை மேல அழியாமைக்கிட்ட ஒப்படைக்குது. ரெண்டு கையும் ஒரே ஆளோடதுங்கிறதுதான் படம். இதுக்கு மேல இந்தக் கவிதைக்கு விளக்கம் தேவையில்லன்னு எனக்குத் தோணும்.

கலர் அடிச்ச பிரதியா, கலர் இல்லாததா? இது நைட் தாட்ஸுக்குள்ளயே வர்ற ஒரு சின்ன முடிவு. 1797 பதிப்புல இருபதுக்கும் மேல பிரதிகளுக்குக் கையால வாட்டர்கலர் அடிச்சிருக்கு, அதுலயும் வகை உண்டு, முதல் இரவோட தலைப்புப் பக்கத்துல சாவோட அங்கி வெள்ளையா இருந்தா வெள்ளைச் சாவு பிரதி, பச்சையா இருந்தா பச்சைச் சாவு பிரதின்னே ஆராய்ச்சிக்காரங்க பேர் வச்சுக் கூப்பிடுறாங்க. பாக்க ரொம்ப அழகுதான், முதல் தடவை பாக்குறவங்க கண்ணு அங்கதான் போகும். ஆனாலும் முதல்ல கலர் இல்லாததைப் பாருங்கன்னு சொல்வேன். இந்தத் தகடுகள்ல பிளேக் கோட்டைத் திறந்து விட்டிருக்காரு, நெருக்கமான குறுக்குக் கோடு போட்டு இருட்டடிக்கிற வேலை கம்மி, வெளிக்கோடுதான் எல்லாத்தையும் தாங்குது. ஒரு முழங்கால், ஒரு கழுத்துத் திருப்பம், அங்கியோட ஒரு மடிப்பு, ஒரே நீளக் கோட்டுல போயிருக்கும். கலர் மேல வந்ததும் கண்ணு கலரைப் பிடிச்சுக்கும், கோடு பின்னால போயிடும். கோட்டைப் பழகிட்டு அப்புறமா கலருக்குப் போனா ரெண்டும் உங்களுக்குக் கெடைக்கும்.

அப்ப 537 வாட்டர்கலரையே நேரா பாத்தா என்னன்னு கேக்கலாம். அது 1929-லிருந்து பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, ஸ்கேனும் இணையத்துல இருக்கு, ஒம்பது இரவும் முழுசா கெடைக்கும், எங்கிரேவிங்ல வராமப் போன அற்புதமான பக்கங்க எத்தனையோ அதுல இருக்கு. ஆனா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். எண்ணிக்கையே ஆளைச் சாய்ச்சுடும், ஐம்பதாவது படம் தாண்டுறப்ப நீங்க பாக்குறதை நிறுத்திட்டு வெறுமனே தள்ளிக்கிட்டே போவீங்க. எங்கிரேவிங்ல எது வரணும்னு ஏற்கனவே ஒரு தேர்வு நடந்திருக்கு, அந்தத் தேர்வை நம்பி 43-ஐ முடிச்சுட்டு, அஞ்சாவது இரவுலேர்ந்து வாட்டர்கலருக்குப் போறதுதான் வசதி.

சரி, கிரேவ். இதை முதல்ல எடுக்கச் சொல்றவங்க காரணம் நல்ல காரணம்தான். கவிதை சின்னது, 767 வரி, ஒரு ராத்திரியில முடிச்சிடலாம், பிளேர் ஸ்காட்லாந்துல ஒரு சபைக்குப் போதகர், 1743-ல வெளியிட்டாரு. கல்லறை, புழு, அரசன் ஆண்டி எல்லாரும் ஒரே மண்ணு, கடைசியில உயிர்த்தெழுதல், அவ்வளவுதான் விஷயம், யங் மாதிரி சுத்தி வளைக்க மாட்டாரு. படமும் பன்னெண்டுதான், தலைப்புப் பக்கத்துல எக்காளம் ஊதி எலும்புக்கூட்டை எழுப்புற உருவத்தையும் சேர்த்து. பிளேக் உசுரோட இருக்குறப்பவே அவரை நெறைய பேருக்குத் தெரிய வச்சது இந்தப் புத்தகம்தான், அவர் முகத்தையே முன்படமா போட்டாங்க, தாமஸ் ஃபிலிப்ஸ் வரைஞ்ச உருவப்படம்.

ஆனா ஒரு விஷயம் இருக்கு, அது சின்ன விஷயம் இல்ல. இதுல படம் யோசிச்சது பிளேக், தகடு செதுக்கினது அவர் இல்ல. ராபர்ட் கிரோமெக்னு ஒரு பதிப்பாளர் 1805-ல 20 படத்துக்கு 20 கினி குடுத்து வாங்கினாரு, முதல்ல வெளியிட்ட விளம்பரத்துல பிளேக்கே செதுக்குவாருன்னு போட்டாரு, அதே மாசம் வந்த அடுத்த விளம்பரத்துல லூயி ஸ்கியாவோனெட்டிங்கிற இன்னொரு செதுக்குக்காரர் பேர் இருந்துச்சு. நடுவுல நடந்தது என்னன்னா, பிளேக் மாதிரிக்கு மரணத்தின் வாசல் படத்தைச் செதுக்கிக் காட்டியிருந்தாரு, கறுப்புப் பரப்புல வெள்ளைக் கோடா வர்ற முறையில, முரட்டு வேலை. காசு போட்டு வாங்குறவங்களுக்கு அது பிடிக்காதுன்னு கிரோமெக் நினைச்சிருக்கணும். தகடு செதுக்குறதுலதான் பணம், அந்த வருமானமே கை மாறிடுச்சு, பிளேக்குக்கு அந்தக் காயம் ஆறவே இல்ல.

இந்த ரெண்டு மரணத்தின் வாசலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது அங்கயே புரிஞ்சுடும். கீழ கல்லுக் கதவு, ஊன்றுகோல் பிடிச்ச கிழவன், காத்து அவனைப் பின்னால இருந்து உள்ள தள்ளுது, தாடியும் அங்கியும் முன்னால பறக்குது. மேல, அதே கல்லறைக் கூரை மேல, இளவயசு உருவம் ஒண்ணு வெளிச்சத்துல நிமிர்ந்து பாத்து உக்காந்திருக்கு. ஸ்கியாவோனெட்டி கையில எல்லாம் ஒழுங்கா வந்திருக்கு, தசை மென்மையா திரும்புது, வெளிச்சம் படிப்படியா இறங்குது, கல்லு கல்லா இருக்கு, துணி துணியா இருக்கு, அவர் உண்மையிலயே கைதேர்ந்த ஆளு. பிளேக்கோட வெள்ளைக் கோட்டுல கதவுக்குள்ள இருக்குற இருட்டு வெறும் நிழலா இல்ல, ஒரு பொருளாவே நிக்குது, மேல இருக்குறவனைச் சுத்தி வெளிச்சம் கீறிக்கிட்டு வெளிய வருது. முதலாவதுல சாவைப் பத்தின ஒரு நல்ல படம் தெரியும், ரெண்டாவதுல சாவு நடந்துக்கிட்டு இருக்கும். இவ்வளவு முரட்டுத்தனம் வேணுமான்னு கேக்குறவங்களும் இருப்பாங்க, அவங்களுக்கு கிரேவ்தான் சரி, தப்பே இல்ல. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் தனக்குக் கல்லறை கட்டிக்கிட்டப்ப மாதிரியா எடுத்தது இந்த மரணத்தின் வாசலைத்தான், அந்த அளவுக்கு அந்தப் படம் பரவியிருந்துச்சு.

கிரேவ்ல இன்னொரு பெரிய கேள்வியும் இருக்கு. ஆத்மாவுக்கு உடம்பு குடுத்து வரையலாமா? 1808-லயே எக்ஸாமினர் பத்திரிகையில ராபர்ட் ஹன்ட் இதைத்தான் பிடிச்சுக்கிட்டாரு, உருவமில்லாத ஆவியை சதையும் எலும்புமா காட்டுறது அபத்தம்னு திட்டினாரு. உடம்பை விட்டுப் பிரிய மனசில்லாம மேல மிதக்குற ஆத்மா ஒரு பெண் உருவமா வருது, கடைசி நாள்ல ஆத்மாவும் உடம்பும் மறுபடி சேர்ற படத்துல மேலயிருந்து அந்தப் பெண் உருவம் தலைகீழாப் பாஞ்சு வந்து கல்லறையிலிருந்து எந்திரிக்கிறவனைக் கட்டிப்பிடிக்குது. ஹன்ட்டுக்கு அது ஆபாசமா தெரிஞ்சிருக்கு. எனக்கு அந்தப் படம்தான் அந்தப் புத்தகத்துலயே உசுரு. அழியாமைங்கிறது ஏதோ மங்கலான புகை இல்ல, பிரிஞ்சுபோன ஒருத்தரை மறுபடி கட்டிப்பிடிக்கிறதுன்னு நம்புற ஒரு ஆளு வேற எப்படி வரைவாரு? நம்பிக்கை இல்லாதவங்க கூட அந்தப் படத்துக்கு முன்னால கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் போவாங்க.

கிரேவோட இன்னொரு சங்கடம், படம் தனித் தாள்ல இருக்கு, கவிதை தனியா ஓடுது. எந்தப் படமும் எந்த வரியையும் தொட்டுக்கிட்டு நிக்கல. பிளேக் ஒரு வரிசை வச்சிருந்திருப்பாரு, கிரோமெக் இருபதிலிருந்து பன்னெண்டை எடுத்து புத்தகத்துக்கு ஏத்த மாதிரி அடுக்கிட்டாரு. அந்த மூலச் சித்திரங்கள்ல 19, 2001-ல கிளாஸ்கோவுல ஒரு பழைய புத்தகக் கடையில கெடைச்சுச்சு, ரொம்ப காலமா காணாமப் போனது. எல்லாம் ஒண்ணா ஒரு இடத்துல இருக்கும்னு எதிர்பார்த்தவங்களுக்கு ஏமாற்றம், 2006-ல நியூயார்க்ல தனித்தனியா ஏலத்துக்கு விட்டுட்டாங்க. ஒரு கவிதைக்காக ஒண்ணா பொறந்த படங்களை இப்படிச் சிதற விட்டது எனக்கு இப்பவும் பொறுக்கல.

யோபுவுக்கு வருவோம். செதுக்கு வேலையைப் பொறுத்தவரை பேச்சே இல்ல, இதுதான் பிளேக்கோட உச்சம். எட்சிங்ல தகட்டு மேல மெழுகு மாதிரி பூச்சு பூசி, ஊசியால கீறி, ஆசிட்ல விட்டா கீறின இடத்தை ஆசிட் அரிச்சுக் கோடாக்கிடும். யோபு தகடுகளுக்கு அந்தக் குறுக்கு வழியே கிடையாது, பியூரின்ங்கிற கூர் உளியோட பிடியை உள்ளங்கையில அமுக்கித் தள்ளித் தள்ளிச் செம்பையே நேரடியா வெட்டினது. அறுபது வயசு தாண்டின கை. பிளேக்கோட கடைசிக் கால ஆதரவு ஜான் லின்னெல், அவரும் ஓவியர், 1823-ல ஒப்பந்தம் போட்டு கொஞ்சம் கொஞ்சமா பணம் குடுத்துக்கிட்டே வந்தாரு, தகட்டுல 1825-னு தேதி இருக்கும், வெளிவந்தது 1826. 21 படமும் ஒரு தலைப்புத் தகடும், முதல்ல அடிச்சது 315 செட். தகடுகள் இன்னைக்கும் பிரிட்டிஷ் மியூசியத்துல பத்திரமா இருக்கு.

இதுல கவிதையும் இருக்கு, படத்தைச் சுத்தி ஓரத்துல மெல்லிய கோட்டுல பைபிள் வசனங்களை பிளேக்கே செதுக்கியிருக்காரு. நைட் தாட்ஸுக்கு இது நேர் எதிர், அங்க கவிதை நடுவுல படம் சுத்தி, இங்க படம் நடுவுல வசனம் சுத்தி. முதல் படத்துல யோபு குடும்பம் மரத்தடியில ஜெபம் பண்ணுது, யோபுவும் மனைவியும் புத்தகத்தை விரிச்சு உக்காந்திருக்காங்க, பிள்ளைங்க முழங்கால் போட்டிருக்காங்க, இசைக்கருவிங்க எல்லாம் மரத்துல சும்மா தொங்குது, கடைசிப் படத்துல அதே குடும்பம் எந்திரிச்சு நின்னு அதே கருவிங்களை வாசிக்குது. பதினொண்ணாவது படம்தான் பயங்கரம், படுக்கையில கெடக்குற யோபு மேல பாம்பு சுத்தின கடவுள் கவிஞ்சு நிக்கிறாரு, கால் பக்கம் பாத்தா பிளவுபட்ட குளம்பு. அந்தப் படத்தோட ஓரத்துலதான் என் மீட்பர் உயிரோட இருக்கார்ங்கிற வசனம் வருது. மூணு செட்லயும் சேர்த்து சாவுக்கும் அழியாமைக்கும் நடுவுல இருக்குற அந்த மெல்லிய இடத்தை இவ்வளவு கூர்மையா பிடிச்ச படம் வேற இல்லன்னு அடிச்சுச் சொல்வேன்.

அப்புறம் ஏன் முதல்ல யோபு இல்ல? ரெண்டு காரணம். ஒண்ணு, யோபுவோட மையம் சாவு இல்ல, துன்பம். நல்லவனுக்கு ஏன் கஷ்டம்ங்கிறதுதான் கேள்வி, அழியாமை ஓரத்துல ஒரு கீத்தா வந்துட்டுப் போகுது, சாவைப் பத்தின படங்களைத் தேடி வர்றவங்களுக்கு இது வேற பயணம். ரெண்டாவது காரணம் இன்னும் முக்கியம், இதுல பிளேக் தனக்குன்னு ஒரு சின்ன மொழியையே உருவாக்கிட்டாரு, எந்தக் கால் முன்னால இருக்கு, எந்தக் கை நீளுது, சூரியன் எந்தப் பக்கம், கடவுளுக்கு ஏன் யோபுவோட முகமே இருக்கு, இதெல்லாம் ஆராய்ச்சிக்காரங்க தலைமுறை தலைமுறையா பேசிக்கிட்டு இருக்காங்க. அது தெரியாமப் பாத்தாலும் அழகா இருக்கும், ஆனா நீங்க வெளியில நின்னு பாக்குறீங்கன்னு உங்களுக்கே தெரியும். நைட் தாட்ஸ்ல அந்த மொழி இன்னும் இறுகல, அவர் இன்னொரு ஆளோட வரியை எடுத்து, அதுக்குப் படம் தேடுறாரு, அந்தத் தேடலை நட்சத்திரக் குறியைப் பிடிச்சுக்கிட்டே நாமளும் கூடப் போயி பாக்கலாம். அதே வருஷங்கள்ல தன்னோட பெரிய காவியத்தையும் கையால எழுத ஆரம்பிச்சாரு, அதோட பெரும்பகுதி இருக்குறது நைட் தாட்ஸுக்குச் சோதனையா அடிச்ச ப்ரூஃப் தாள்களோட வெத்து இடத்துலதான், நான்கு ஸோவாக்கள்னு சொல்ற அந்தக் கையெழுத்துப் பிரதி பிரிட்டிஷ் லைப்ரரியில இருக்கு. வேற ஒருத்தரோட சாவுக் கவிதைக்குப் படம் போட்டுக்கிட்டே தன் கவிதைக்குள்ள நுழைஞ்சிருக்காரு.

இத்தாலியக் கவிஞர் தாந்தேயோட கவிதைக்கு பிளேக் வரைஞ்சதையும் சிலர் கேப்பாங்க. 102 சித்திரம் இருக்கு, ஆனா எங்கிரேவிங் ஆனது ஏழு தகடுதான், அதுவும் முடியறதுக்குள்ள 1827-ல செத்துட்டாரு. செதுக்கு வேலைக்காக வர்றவங்க இதை அப்புறமா பாத்துக்கலாம்.

யாருக்கு எதுன்னு சொல்லணும்னா, ஒரு வாசகர் வட்டத்துல ஒரே சந்திப்புல பேசி முடிக்கணும், கவிதையை எல்லாரும் முழுசா படிச்சுட்டு வரணும்னா கிரேவ் எடுங்க, வேற எதுவும் அந்த நேரத்துக்குள்ள அடங்காது. பைபிள் நல்லாப் பரிச்சயம் உள்ளவங்க, யோபு ஆகமத்தை ஏற்கனவே மனசுல வச்சிருக்கவங்க நேரா யோபுவுக்கே போங்க, உங்களுக்கு நான் மேல சொன்ன தடை பாதி இருக்காது. வேண்டியவங்களைப் புதுசா இழந்திருக்கவங்க யங்கோட பிரசங்கத்துல மாட்டிக்காம கிரேவ்ல அந்தக் குடும்பம் சொர்க்கத்துல சந்திக்கிற படத்தையும், ஆத்மாவும் உடம்பும் சேர்ற படத்தையும் மட்டும் பாத்தாப் போதும், ஆறுதல் அதுல நேரடியா இருக்கு. வரையுறவங்க, டிசைன் பண்றவங்க, பக்கத்துல எழுத்தும் படமும் எப்படி சேர்ந்து வாழணும்னு யோசிக்கிறவங்க, அப்புறம் கவிதையை மெதுவா படிக்கப் பொறுமை உள்ளவங்க எல்லாரும் நைட் தாட்ஸ்.

நைட் தாட்ஸ் எடுத்தா முதல் இரவுல ஆரம்பிச்சு வரிசையாவே போங்க, ஒரு நாளைக்கு ரெண்டு மூணு பக்கத்துக்கு மேல வேண்டாம். மூணாவது இரவுல நார்சிஸாவோட பகுதியை மட்டும் முழுசா படிங்க, நட்சத்திர வரியோட நிறுத்தாதீங்க, அந்நிய மண்ணுல ஒரு இளம்பெண் சாகுறா, அடக்கம் பண்ண இடம் தர மாட்டேங்குறாங்க, ராத்திரி திருட்டுத்தனமா பொதைக்கிறாங்க, யங் பிரசங்கத்தை மறந்துட்டு மனுஷனா கதறுற இடம் அது. அந்த இரவோட தலைப்புப் பக்கத்துல ஒரு பெண் பிறை மேல நிக்கிறா, வாலைத் தானே கவ்வின பாம்பு அவளைச் சுத்தி வட்டமா இருக்கு, முடிவில்லாமைக்கான பழைய அடையாளம். கதையைப் படிச்சுட்டு இதுக்குத் திரும்பி வாங்க.

பாக்குறது எங்கன்னா, வில்லியம் பிளேக் ஆர்க்கைவ்னு இணையத்துல இலவசமா இருக்கு, மூணு செட்டும் பெரிய அளவுல கெடைக்கும், நல்லா ஜூம் பண்ணி கோடு கோடாப் பாக்கலாம். கையில புத்தகமா வேணும்னா நைட் தாட்ஸ் எங்கிரேவிங்குக்கு 1975-ல டோவர் பதிப்பகம் போட்ட மறுபதிப்பு பழைய புத்தகமா தேடினா வரும், கறுப்பு வெள்ளை, அசலை விடச் சின்ன அளவு, ஆனா கவிதையும் படமும் ஒரே பக்கத்துல அப்படியே இருக்கு. போன் ஸ்கிரீன்ல மட்டும் பாக்காதீங்க, எழுத்தைப் படிக்கப் பெரிசு பண்ணா படம் வெளிய போயிடும், படத்தைப் பாக்கச் சின்னது பண்ணா எழுத்து தெரியாது. கிரேவ் எடுக்குறவங்க ஸ்கேன் 1808 பதிப்பா 1813-ல ஆக்கர்மன் போட்ட பதிப்பான்னு பாத்துக்குங்க, ரெண்டும் அதே தகடுதான், ஆனா அடிக்க அடிக்கத் தகடு தேயும், மெல்லிய கோடுங்கதான் முதல்ல மங்கும், அதனால 1808 கெடைச்சா அதையே எடுங்க.